சூடானால் நின்றுபோன பழைய பைக்

குளிர்ந்திருக்கும்போது என் பழைய ஒற்றை சிலிண்டர் பைக் ஒரே உதையில் கிளம்பும். நன்றாகச் சூடேறியதும் திணறி நின்றுவிடும். ஆறவிட்டால் மறுபடி ஓடும். பலர் உடனே கார்புரேட்டரைக் கழற்றுவார்கள். நான் முதலில் டேங்க் மூடியைத் திறந்து பார்த்தேன். மூடியின் காற்றுத்துளை அடைத்து பெட்ரோல் இறங்காததுதான் காரணமென்றால் அதிலேயே தீர்ந்திருக்கும், தீரவில்லை. அடுத்து ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி எஞ்சின் உடலில் தொடவைத்து உதைத்தேன். பொறி வலுவில்லாமல் மெலிந்து மஞ்சளாக வந்தது.

காயிலுக்கான மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் காண்டாக்ட் பாயிண்டின் மூடியை எடுத்ததும் விடை கிடைத்தது. முனைகள் விலகும்போதெல்லாம் இடையில் பெரிதாகப் பொறி தெறித்தது. முகங்கள் கருகிக் குழிவிழுந்திருந்தன. அந்தப் பொறியை அடக்கி, பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் தரும் காயிலில் ஓடும் மின்னோட்டம் சட்டென்று அறுபட உதவுவதுதான் கண்டன்சர் என்ற சிறு மின்தேக்கியின் வேலை. மெதுவாக அறுபட்டால் பிளக்குக்குப் போதிய மின்னழுத்தம் கிடைக்காது. சூட்டில் கண்டன்சரின் உள்காப்பு தளர்ந்தால் இப்படித்தான் ஆகும்.

புதிய கண்டன்சரை எஞ்சின் வெப்பம் தாக்காதபடி காயிலுக்குப் பக்கத்தில் பொருத்தினேன். எனக்கு மிகவும் பிடித்த மாற்றம் இதுதான். பாயிண்ட் முகங்களை மெல்லிய அரத்தால் சமப்படுத்தி, கையேட்டில் உள்ளபடி இடைவெளியை 0.38 மில்லிமீட்டருக்கு வைத்தேன். இடைவெளி மாறினால் பொறி விழும் நேரமான டைமிங்கும் மாறும் என்பதால் அதையும் சரிபார்த்தேன். இப்போது உச்சி வெயிலில் நீண்ட ஏற்றத்திலும் திணறாமல் இழுக்கிறது.