பெண்ணுரிமைப் பாடம்: கதையும் கவிதையும் நடத்தும்போது நாம் சறுக்கும் இடங்கள்

புறநானூற்றின் 246ஆம் பாட்டை நடத்தப் போகிற தமிழாசிரியர்களுக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். கரும்பலகையில் 'கற்பின் சிறப்பு' என்று தலைப்பு எழுதிவிட்டுத் தொடங்காதீர்கள். நானும் பல வருடம் அப்படித்தான் தொடங்கினேன். தலைப்பைப் பார்த்ததுமே தேர்வில் என்ன எழுத வேண்டும் என்று பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடுகிறது, அப்புறம் பாட்டை யார் படிப்பார்கள்? அதை அழித்துவிட்டுப் 'பெண்ணடிமை' என்று எழுதினாலும் இதே கதைதான்.

பாண்டிய மன்னன் பூதப்பாண்டியன் இறந்துவிட்டான். அவன் மனைவி பெருங்கோப்பெண்டு தீயில் இறங்கப் போகிறாள், பெரியவர்கள் தடுக்கிறார்கள். 'பொல்லாச் சூழ்ச்சிப் பல்சான்றீரே' என்று அவர்களைக் கடிந்துகொண்டு, தான் ஏன் சாகத் துணிந்தேன் என்பதையும் அவளே சொல்கிறாள். அந்த வரிகளில்தான் அவசரப்படாமல் நிற்க வேண்டும். நெய் தொடாத, கையால் பிழிந்தெடுத்த சோற்று உருண்டை. எள்ளுத் துவையல். புளி விட்டு வேகவைத்த வேளைக்கீரை. பாய்கூட இல்லாமல் பருக்கைக் கல்மேல் படுக்கை. கணவனை இழந்தவள் உயிரோடு இருந்தால் அவளுக்குக் கிடைப்பது இவ்வளவுதான். இதையெல்லாம் வாய்விட்டுப் படித்த பிறகு, தீயும் தாமரைக் குளமும் எனக்கு ஒன்றுதான் என்று அவள் சொல்வது காதலாலா, வேறு வழி இல்லாததாலா என்று கேளுங்கள். கேட்டுவிட்டு நீங்களே பதில் சொல்லிவிடாதீர்கள். இரண்டு நிமிடம் யாரும் பேச மாட்டார்கள், பரவாயில்லை.

ஒரு வருடம் அப்படிக் காத்திருந்தபோது பின்வரிசையிலிருந்து ஒரு பையன், "எங்க அப்பத்தா கல்யாண வீட்டுல பந்திக்கு மட்டும்தான் சார் வரும், மணமேடைப் பக்கம் வராது" என்றான். அதுவரை சங்க காலத்தில் கிடந்த பாட்டு அவன் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது. அதனால்தான் சொல்கிறேன், 'அந்தக் காலத்தில் அப்படி, இப்போது மாறிவிட்டது' என்று பாடத்தை மூடுவது பெரிய தவறு. 1829இல் உடன்கட்டைக்குத் தடை, 1856இல் விதவை மறுமணச் சட்டம் என்று இரண்டு ஆண்டுகளைச் சொல்லி முடித்துவிடுகிறோம். சட்டம் வந்தது உண்மைதான், அந்த அப்பத்தா இன்னும் பந்தியோடு திரும்பிப் போகிறார் என்பதும் உண்மைதான்.

அடுத்தது, வகுப்பை நீதிமன்றமாக்குவது. ஜெயகாந்தன் 1966இல் எழுதிய 'அக்கினிப் பிரவேசம்' சிறுகதையை எடுத்தால் இது நடந்தே தீரும். மழையில் பேருந்துக்கு நிற்கும் கல்லூரிப் பெண், அவளை ஏற்றிக்கொள்ளும் கார், காருக்குள் அவளிடம் அத்துமீறும் ஆண், வீட்டுக்கு வந்ததும் மகளின் தலையில் தண்ணீரை ஊற்றி நீ சுத்தமாகிவிட்டாய் என்று சொல்லும் அம்மா. உடனே ஒருவன், "அவ ஏன் சார் கார்ல ஏறினா?" என்பான். நமக்குச் சுருக்கென்று கோபம் வரும். அவனை அதட்டி உட்கார வைத்தால், சகிப்புத்தன்மை பற்றிய பாடத்தில் அவன் கற்றுக்கொள்வது இந்த வாத்தியார் முன்னால் வாயைத் திறக்கக்கூடாது என்பதை மட்டும்தான். கதையில் எந்த வரி உனக்கு அப்படித் தோன்ற வைத்தது, படித்துக் காட்டு என்று கேளுங்கள். கூடவே, அந்த அம்மா தண்ணீர் ஊற்றாமல் ஊரைக் கூட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றும் கேட்கலாம். இந்த முடிவை அன்றைய வாசகர்கள் பலர் ஏற்கவில்லை. அம்மா ஊரறியக் கத்திவிட்டால் என்ன ஆகும் என்பதையே ஜெயகாந்தன் பிறகு 'சில நேரங்களில் சில மனிதர்கள்' என்று நாவலாக எழுதினார், 1972இல் சாகித்ய அகாதமி பரிசும் பெற்றார். ஒரு கேள்விக்கு எழுத்தாளரே இரண்டு விதமாக எழுதிப் பார்த்திருக்கிறார் என்றால், பிள்ளைகளும் ஒரே நாளில் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை.

எனக்கு மனசு கேட்காத தவறு ஒன்று உண்டு. இந்தக் கதையை முடித்ததும் பெண் பிள்ளைகள் பக்கம் திரும்பி, "நீங்க சொல்லுங்கம்மா, உங்களுக்கு இப்படி ஏதாவது நடந்திருக்கா?" என்பது. தலித் பெண்ணாக வளர்ந்த தன் கதையைப் பாமா எழுதிய 'கருக்கு' நடத்தும்போது தலித் பிள்ளையைப் பார்ப்பதும், முஸ்லிம் வீட்டுக் கதை வந்தால் அந்த வகுப்பின் ஒரே முஸ்லிம் பெண்ணைப் பார்ப்பதும் இதேதான். நாம் நல்லெண்ணத்தில்தான் கேட்கிறோம். ஆனால் நாற்பது பேர் திரும்பிப் பார்க்க, அந்தப் பிள்ளை தன் காயத்தைச் சாட்சியாகக் காட்ட வேண்டியிருக்கிறது. தானாகப் பேச வந்தால் கேளுங்கள், இல்லையென்றால் கதையில் வரும் ஆளைப் பற்றி மட்டும் பேசுங்கள். அதற்குத்தானே கதை இருக்கிறது!

நகல் எடுத்த இரண்டு பக்கத்தைக் கொடுத்து விவாதம் நடத்துவதும் வேண்டாம். பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' நாவல் வந்தது 2010இல். 2014 டிசம்பரில் திருச்செங்கோட்டில், நாவல் தங்கள் ஊரை இழிவுபடுத்துகிறது என்று எதிர்ப்பு கிளம்பியபோது ஊரில் சுற்றியது சில பக்கங்களின் நகல்தான். குழந்தையில்லாத காளியும் பொன்னாவும் ஊர்ப் பேச்சால் படும் பாடு அந்த நகலில் எப்படித் தெரியும்? 2015 ஜனவரியில் அவர் எழுத்தையே விடுவதாக அறிவித்தார், 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அவர் மறுபடி எழுதட்டும் என்று தீர்ப்பளித்தது. நாவல் முழுவதும் நடத்த நேரமில்லை என்றால் முழுசாகப் படிக்கக்கூடிய ஒரு சிறுகதையை எடுங்கள்.

கடைசியாக ஒரு சின்ன விஷயம். வகுப்பு முடியும்போது, உறுத்திய ஒரு வரியைப் பெயர் போடாமல் சீட்டில் எழுதித் தரச் சொல்வது நல்ல பழக்கம். அந்தச் சீட்டுகளை வகுப்பில் வாசித்துக் காட்டாதீர்கள், மேசையில் திறந்து போட்டும் வைக்காதீர்கள். பெயர் இல்லாவிட்டாலும் பக்கத்தில் உட்காருகிறவருக்குக் கையெழுத்து தெரியும்.