துள்ளுகிற பிள்ளைக்கு வீட்டிலேயே ஒரு மெத்தை மூலை

மதுரையில் குஷன் கடை வைத்திருக்கிறேன். சோபா, பஸ் சீட், மண்டப நாற்காலி எல்லாம் தைப்போம். சில வருடங்களாகத் தெரபி மையங்களுக்கும், ஆட்டிசம் போன்ற நிலையுள்ள பிள்ளைகளின் வீடுகளுக்கும் மெத்தை, திண்டு, உருளை செய்து கொடுக்கிறேன். வருகிற பெற்றோர் பெரும்பாலும் போனில் ஒரு படத்தைக் காட்டுவார்கள். ஏணி, சறுக்கு, பந்துக்குளம், சுரங்கம் என்று எல்லாம் சேர்ந்த கலர் கலரான படம். "அண்ணே, இதே மாதிரி செட்டா வேணும்" என்பார்கள். நான் முதலில் கேட்பது, "பிள்ளை வீட்டுல எதைத் தேடுதும்மா?" என்றுதான்.

ஒரு பிள்ளை சோபாவிலிருந்து தரையில் விழுந்து விழுந்து எழும், சுவரில் தோளை இடிக்கும். இன்னொன்று கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் உள்ள சந்தில் போய்ச் செருகிக்கொள்ளும். வேறொன்று நின்ற இடத்திலேயே சுற்றும். மிக்சி ஓடினாலே காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கடியில் போய்விடும் பிள்ளையும் உண்டு. இந்த நாலு பேருக்கும் ஒரே சாமான் உதவாது. ஒரு வாரம் கவனித்து ஒரு நோட்டில் எழுதுங்கள்: எந்த நேரத்தில், என்ன செய்தது, செய்த பிறகு அடங்கியதா, இன்னும் துடிப்பு கூடியதா. அதை ஆக்குபேஷனல் தெரபிஸ்டிடம், அதாவது அன்றாட வேலைகளைச் செய்யப் பிள்ளைக்குப் பயிற்சி தருபவரிடம், காட்டிய பிறகு காசை எடுங்கள். தெரிந்த தெரபிஸ்ட் இல்லையென்றால் மாவட்டத்தில் உள்ள அரசின் ஆரம்ப இடையீட்டு மையத்தில் கேளுங்கள். சென்னைக்குப் பக்கம் இருப்பவர்களுக்கு முட்டுக்காட்டில் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது.

இப்போது என் தொழில் விஷயத்துக்கு வருகிறேன். இந்தப் பிள்ளைகளுக்கு மெத்தை மெத்தென்று இருந்தால் மட்டும் போதாது, திருப்பி அழுத்தவும் வேண்டும். கை கால் எங்கே இருக்கிறது, எவ்வளவு பலம் போடுகிறோம் என்பதைத் தசையும் மூட்டும்தான் மூளைக்குச் சொல்கின்றன. அந்தச் சேதி மங்கலாகப் போகும் பிள்ளை, பலமாக மோதியும் குதித்தும் அதைத் தெளிவாக்கிக்கொள்ளப் பார்க்கிறது. புலன்களை இப்படி அணுகும் முறையை வகுத்தவர் ஜீன் ஏயர்ஸ் என்ற அமெரிக்க தெரபிஸ்ட், 1960களிலும் 70களிலும். அப்படிப்பட்ட பிள்ளையை வெறும் இளகிய ஃபோமில் விழ விட்டால், ஃபோம் அமுங்கித் தரை தட்டும். அடியும் படும், தேடியதும் கிடைக்காது. மறுபடி சுவருக்கே போகும்.

அதனால் விழுந்து எழும் மெத்தையை இரண்டு அடுக்காகச் செய்யுங்கள். அடியில் 2 அங்குல ரீபாண்டட் ஷீட், அதாவது ஃபோம் தூளை அழுத்தி ஒட்டிய கனமான பலகை. அதன் மேல் ஒரு பெரிய பை. 5 அடிக்கு 5 அடி, நிரப்பிய பின் உயரம் ஒரு அடிக்குக் குறையக் கூடாது. பைக்குள் 28 அல்லது 32 டென்சிட்டி (அடர்த்தி) ஃபோமை 3, 4 அங்குலக் கட்டிகளாக வெட்டிப் போடுங்கள். குஷன் கடைகளில் வெட்டி மிஞ்சிய துண்டுகளாகவே கிடைக்கும், விலையும் குறைவு. இறுக்கி அடைக்காதீர்கள். கட்டிகள் நகர இடம் இருந்தால்தான் பிள்ளை விழும்போது உடம்பைச் சுற்றி வந்து பிடிக்கும். செய்து முடித்ததும் பெரியவர் ஒருவர் அதன் மேல் ஒற்றை முழங்காலை ஊன்றிப் பாருங்கள். முட்டியில் தரை தட்டுப்பட்டால் இன்னும் ஃபோம் வேண்டும்.

32 டென்சிட்டி என்று சொல்லி 18-ஐத் தலையில் கட்டுவது நடக்கிறது. கையால் அமுக்கிப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. தராசில் வையுங்கள். ஒரு கன மீட்டர் எத்தனை கிலோ என்பதுதான் டென்சிட்டி. 6 அடிக்கு 3 அடி, 4 அங்குல ஷீட் ஒன்று 32 டென்சிட்டி என்றால் சுமார் ஐந்தரைக் கிலோ இருக்கும். 3 கிலோதான் காட்டுகிறது என்றால் அது 18. கொஞ்ச மாதத்திலேயே குழி விழுந்துவிடும்.

பைக்குள் பீன்பேக் தெர்மாகோல் மணியைப் போடச் சொல்லி யாராவது கேட்டால் நான் மறுத்துவிடுவேன். பை கிழிந்தால் அந்த மணி மூக்கிலும் தொண்டையிலும் போகும், மூச்சடைக்கும். அது நறநறவென்று போடும் சத்தமே சில பிள்ளைகளுக்குத் தாங்காது.

துணியைப் பெற்றோர் தேர்ந்தெடுக்க வேண்டாம், பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும். கடைக்கு ஒரு சிறுமி வந்தாள், ஏழு வயது இருக்கும், பேச்சு இல்லை. கேன்வாஸ், காட்டன், வெல்வெட், ரெக்சின் என்று ஒவ்வொன்றிலும் கைக்குட்டை அளவு வெட்டித் தரையில் பரப்பி வைத்தேன். வெல்வெட்டைத் தொட்டதும் கையை உதறினாள். ரெக்சினை நகத்தால் கீறிப் பார்த்து விட்டுவிட்டாள். பழுப்பு நிறக் கேன்வாஸை எடுத்துக் கன்னத்தில் ஒருமுறை தேய்த்தாள், பிறகு உதட்டில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தாள். அவள் அம்மா ரோஸ் கலர் வெல்வெட்டுக்கு முன்பணமே எடுத்து வைத்திருந்தார். கேன்வாஸில்தான் தைத்தோம்.

ரெக்சின் துடைக்கச் சுலபம். ஆனால் நம் ஊர் வெயிலில் வேர்த்த தோலில் ஒட்டும். சிறுநீர் பிரச்சினை இருந்தால் உள் உறையை ரெக்சினில் தைத்து, மேலே கழற்றித் துவைக்கிற காட்டன் உறை போடுங்கள். நிறம் ஒன்றே ஒன்று போதும், கார்ட்டூன் படம் போட்ட துணி வேண்டாம். தையல்காரரிடம் மூன்று விஷயத்தைக் கறாராகச் சொல்லுங்கள்: நைலான் நூலில் இரட்டைத் தையல், ஜிப்பின் இழுப்பான் வெளியே தெரியாதபடி மடிப்புக்குள், பட்டன், பைப்பிங், லேபிள் எதுவும் கூடாது.

சந்தில் செருகிக்கொள்ளும் பிள்ளைக்கு இறுக்கம் தேவைப்படுகிறது. ஆட்டிசம் உள்ள அமெரிக்கக் கால்நடை அறிஞர் டெம்பிள் கிராண்டின், மாட்டை அசையாமல் பிடிக்கும் கூண்டுக்குள் மாடுகள் அமைதியாவதைப் பார்த்துத் தனக்கே ஓர் அணைப்புப் பெட்டி செய்துகொண்டார். எவ்வளவு அழுத்தம், எப்போது நிறுத்துவது என்பது அவர் கையில் இருந்தது. வீட்டுக்கு நான் செய்து தருவது இதுதான்: 4 அடி நீள அடிமெத்தை, அதன் இரண்டு ஓரத்திலும் 8 அங்குலக் கனத்தில் உருளைத் திண்டு, இரண்டையும் வளைத்துப் பிடிக்கும் அகலமான எலாஸ்டிக் பட்டை. பிள்ளை நடுவில் தானாக நுழைந்து, தானாக எழுந்து வர முடிய வேண்டும். பிள்ளையை உள்ளே வைத்துக் கட்டிப் பூட்டுகிற மாதிரி எதையும் யாருக்கும் செய்து தர மாட்டேன். திண்டால் மேலிருந்து அழுத்துவதானால் தலையும் கழுத்தும் வெளியே இருக்கட்டும், தோளிலிருந்து கால் வரை மெதுவாக, "இன்னுமா, போதுமா" என்று கேட்டுக்கேட்டு. பேசாத பிள்ளை உங்கள் கையைத் தள்ளினால் அதுதான் பதில்.

மடியில் வைக்கும் கனமான பைக்குக் கண்ணாடி மணி நல்லது. அரிசியோ புளியங்கொட்டையோ போட்டால் பூச்சி விழும். எவ்வளவு கனம் என்பதைத் தெரபிஸ்ட் சொல்லட்டும். பொதுவாக உடல் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம் என்பார்கள். கைக்குழந்தைக்குக் கூடவே கூடாது. முகத்தின் மேலோ, தூங்கும்போதோ வைக்காதீர்கள்.

ஊஞ்சல் கேட்பவர்கள் நிறைய. தூளி கட்டிய கொக்கி பல வீட்டில் அப்படியே இருக்கும், ஆனால் அது கைக்குழந்தைக்குப் போட்டது. வளர்ந்த பிள்ளை குதித்து ஆடும்போது அதன் எடையைப் போலப் பல மடங்கு இழுவை விழும். கொத்தனாரையோ இன்ஜினியரையோ கூப்பிட்டுக் காங்கிரீட் தளத்தில் புதிதாகப் போல்ட் போடுங்கள். ஃபேன் கொக்கி, ஃபால்ஸ் சீலிங், ஆஸ்பெஸ்டாஸ் கூரைச் சட்டம் எதுவும் ஆகாது. துணிக்கு நாலு பக்கமும் இழுபடும் லைக்ராவை இரட்டையாக எடுங்கள். தரைக்கு ஒரு அடி உயரம், கீழே மெத்தை, சுற்றிலும் கை நீட்டினாலும் சுவர் படாத இடம், மேலே ஃபேன் இல்லாத இடம். முன்னும் பின்னும் மெல்ல ஆடுவது அடக்கும், சுழற்றுவது கிளப்பிவிடும். முகம் வெளிறினால், வேர்த்தால், நிறுத்தாமல் சிரித்தால் உடனே நிறுத்துங்கள். வலிப்பு வரும் பிள்ளைக்கு டாக்டரைக் கேட்காமல் ஊஞ்சல் வேண்டாம்.

பந்துக்குளம் வீட்டுக்கு வேண்டாம் என்பது என் கருத்து. இடத்தை அடைக்கும், பந்து ஒவ்வொன்றையும் கழுவ வேண்டும், எச்சிலும் மூத்திரமும் அடியில் தங்கும். அந்தக் காசுக்கு நாலு ஃபோம் கட்டை செய்யலாம், ஒரு அடிக்கு ஒரு அடி, 40 டென்சிட்டி. அடுக்கலாம், ஏறலாம். முக்கியமாக, பிள்ளையே ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்குச் சுமந்து போகலாம். சுமப்பதும் தள்ளுவதும் தெரபிஸ்டுகள் ரொம்ப மதிக்கிற வேலை. ஒளிந்துகொள்ளும் பிள்ளைக்குச் சாப்பாட்டு மேசை மேல் ஒரு கனத்த போர்வையைத் தொங்கவிட்டு, உள்ளே ஒரு தலையணை வைத்தாலே போதும். அதற்காகக் கடைக்கு வர வேண்டியதில்லை.

தரைக்கு ஜிக்சா மாதிரி கோர்க்கும் ஈவா பாயை, அதாவது ரப்பர் போன்ற ஃபோம் பாயை, வாங்கச் சொல்வார்கள். வாயில் வைக்கிற பிள்ளை அதன் ஓரத்தைக் கடித்துத் துண்டெடுத்துவிடும். அங்கே ஓரம் தைத்த மடிப்பு மெத்தையே மேல். புது ஃபோம், புது ரெக்சின் எதுவானாலும் வாசனை போகும் வரை சில நாள் காற்றாட வைத்த பிறகு பிள்ளையை விடுங்கள்.

வாரம் ஒருமுறை உறையைக் கழற்றித் துவையுங்கள், அப்போதே தையலை விரலால் தடவிப் பாருங்கள். ஃபோமை நனைக்காதீர்கள். நனைந்துவிட்டால் நிழலில் நிமிர்த்தி வைத்துக் காய வையுங்கள், வெயிலில் போட்டால் மஞ்சளாகிப் பொடிந்து கொட்டும். ஐப்பசி, கார்த்திகையில் மெத்தை சுவரை ஒட்டி இருந்தால் பின்பக்கம் பூஞ்சை பிடிக்கும், ஒரு சாண் தள்ளிப் போடுங்கள். ஃபோம் தீப்பிடித்தால் நொடியில் பரவும், அந்தப் புகை விஷம். பூஜை விளக்கு, கொசுவர்த்தி, அயர்ன் பாக்ஸ் எதுவும் அந்த மூலைக்குப் பக்கத்தில் வரக் கூடாது. கார்த்திகை தீபத்தன்றும் அகலை அந்த அறையில் ஏற்றாதீர்கள்.