லினக்ஸில் மவுண்ட் நிரலைப் (கோட்) புது ஏபிஐக்கு மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

லினக்ஸின் பழைய மவுண்ட் கால் (நிரல் கர்னலிடம் வேலை கேட்கும் சிஸ்டம் கால்) ஒற்றை ஆளாகப் பல வேலை பார்க்கும். டிஸ்க்கை ஏற்றுவது, பைண்ட் (ஒரு டைரக்டரியை இன்னொரு இடத்திலும் காட்டுவது), ரீமவுண்ட் (ஏறியதன் அமைப்பை மாற்றுவது), இடம் மாற்றுவது எல்லாம் அதே கால்தான், எதைச் செய்யச் சொல்கிறோம் என்பது ஃபிளாக்கில் இருக்கும். டேவிட் ஹோவெல்ஸ் எழுதிய புது ஏபிஐ 2019-ல் கர்னல் 5.2-ல் வந்து இதைப் படிப்படியாகப் பிரித்தது: தொடங்க எஃப்எஸ்ஓப்பன், ஆப்ஷன் கொடுக்க எஃப்எஸ்கான்ஃபிக், மவுண்டை உருவாக்க எஃப்எஸ்மவுண்ட், கடைசியில் அதை இடத்தில் வைக்க மூவ்_மவுண்ட். நிரலை மாற்றுகிற பலர் சிஸ்டம் காலை மட்டும் மாற்றுகிறார்கள், பழக்கத்தை மாற்றுவதில்லை.

முதல் தவறு, பிழை எண்ணைப் பார்த்ததும் நின்றுவிடுவது. ஆப்ஷனில் ஒரு எழுத்து பிசகினால் போதும், "ஃபைல்சிஸ்டம் வகை தவறு, அல்லது ஆப்ஷன் தவறு, அல்லது சூப்பர்பிளாக் பழுது, அல்லது வேறு ஏதோ" என்று பழைய மவுண்ட் கமாண்ட் சொல்லும், நாம் டிமெசேஜை (dmesg, கர்னலின் லாக்) தோண்டிக்கொண்டிருப்போம். இப்போது எஃப்எஸ்ஓப்பன் தந்த அதே எஃப்டியை (ஃபைல் டிஸ்கிரிப்டர், திறந்ததைக் குறிக்கும் எண்) ரீட் செய்தால், ஃபைல்சிஸ்டம் எழுதி வைத்த விளக்கம் அங்கேயே கிடைக்கும். பிழை என்றால் வரி 'e' என்று தொடங்கும். தயவுசெய்து அதைப் படித்து லாகில் போடுங்கள்.

அடுத்தது இன்னும் ஆபத்தானது. பைண்டோடு ரீட்‑ஒன்லி ஃபிளாக்கையும் சேர்த்துக் கொடுத்தால் பழைய கால் அதைச் சத்தமில்லாமல் விட்டுவிடும், அதனால் பைண்ட் செய்துவிட்டு ரீமவுண்ட் செய்வோம். அந்த இரண்டுக்கும் இடையில் டைரக்டரி எழுதத் திறந்தே கிடக்கும்! அதன் அடியில் வேறொரு டிஸ்க் ஏறியிருந்தால் அது அப்புறமும் திறந்தேதான் இருக்கும். புது முறையில் ஓப்பன்_ட்ரீ மூலம் நகல் எடுத்து, யார் கண்ணிலும் படாத அந்த நிலையிலேயே மவுண்ட்_செட்ஆட்டர் (5.12 முதல் உண்டு) போட்டுப் பூட்டிவிட்டு, பிறகு இடத்தில் வைக்கலாம். இந்த இரண்டு காலிலும் ரிகர்சிவ் ஃபிளாக்கை (அடியில் ஏறியிருப்பவற்றையும் சேர்ப்பது) மறக்காதீர்கள்.

எஃப்எஸ்மவுண்ட் கொடுத்த எஃப்டியை மூவ்_மவுண்டுக்கு முன்பே மூடிவிடாதீர்கள், மவுண்டும் கூடவே போய்விடும்.

அப்புறம் கான்ஸ்டன்ட். ரீட்‑ஒன்லி, நோசூயிட் (செட்யூஐடி தடை), நோடெவ் (டிவைஸ் கோப்பு தடை), நோஎக்ஸெக் (நிரல் இயக்கத் தடை) ஆகிய நான்கு ஃபிளாக்குக்கும் பழையதிலும் புதியதிலும் ஒரே மதிப்புகள், 1, 2, 4, 8. அதனால் பழைய எம்எஸ் (MS_ என்று தொடங்கும்) ஃபிளாக்கை அப்படியே எஃப்எஸ்மவுண்டுக்குக் கொடுத்தாலும் டெஸ்ட் பாஸ் ஆகிவிடும். நோஏடைம் (கோப்பைப் படித்த நேரத்தைப் பதியாதே என்பது) பழையதில் 1024, புதியதில் 16. அதைச் சேர்க்கிற நாளில்தான் கால் தோற்று நிற்கும்.