பதுங்குகுழி மாடல்: அளவு தப்பாமல் செய்வது எப்படி

பெங்களூரு பள்ளிக் கண்காட்சிகளில் முதல் உலகப்போர் என்றால் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: தெர்மகோலில் நேராக ஒரு வாய்க்கால், அதற்குள் பச்சை பொம்மைச் சிப்பாய்கள், மேலே புகைக்குப் பஞ்சு. அந்தப் போரில் சிப்பாய்கள் நின்று சுட்ட முன்வரிசைக் குழியைப் பொதுவாக நேராக வெட்டவில்லை. ஏன் வெட்டவில்லை என்பது அளவோடு செய்தாலே பிள்ளைகளுக்குப் புரிந்துவிடும்.

1:30 அளவு வைத்துக்கொள்ளுங்கள். ஓர் அடிக்கு ஒரு செ.மீ. என்று மனக்கணக்காகவே போட்டுவிடலாம். அடிப்பலகை 60 × 45 செ.மீ. பிளைவுட். அதன்மேல் ஓர் அங்குல தெர்மகோல் மூன்று அடுக்கு. தெர்மகோல் கூடாது என்கிற பள்ளியாக இருந்தால், அட்டைப்பெட்டிகளை வெட்டி 7.5 செ.மீ. உயரம் வரும்வரை ஒட்டி அடுக்குங்கள். உறுதியும் கூடுதல். ஒட்டுவதற்கு ஃபெவிகால் மட்டும்தான். ஃபெவிக்விக்கோ ஸ்ப்ரே பெயின்டோ பட்டால் தெர்மகோல் அரித்துக் குழிந்துவிடும்.

மேலிருந்து பார்த்தால் கோட்டைச் சுவரின் பல்வரிசைபோல் குழி மடங்கிப் போகவேண்டும். முன்பக்கம் 18 செ.மீ. நீளக் குழி, அடுத்து 10 செ.மீ. அகல மண்திட்டு, மறுபடி 18 செ.மீ. குழி. திட்டு இருக்கும் இடத்தில் குழி பின்னால் ஒடிந்து, அதைச் சுற்றிக்கொண்டு அடுத்த குழிக்குப் போகும். குண்டு உள்ளே விழுந்தாலும் சிதறல் அந்த ஒரு மடிப்போடு நின்றுவிடும். எதிரி ஒரு முனையில் குதித்து இயந்திரத் துப்பாக்கியை நீட்டினாலும் முழு வரிசையையும் சுட முடியாது. திட்டை 10க்குக் குறைக்காதீர்கள், மெலிந்த திட்டு வெடிப்பில் சரிந்துவிடும்.

குழியின் மேல்வாய் 6 செ.மீ. அகலம், ஆழம் 5.5. முன்னால் 1.5 செ.மீ. உயர மண்ணணையைச் சேர்த்தால் மொத்தம் 7 செ.மீ., அதாவது நிஜத்தில் ஏழடி. மண்ணணையின் கனம் 3 செ.மீ.க்குக் குறையக்கூடாது, மூன்றடி மண்ணாவது இருந்தால்தான் துப்பாக்கிக் குண்டு நிற்கும். ஏழடிப் பள்ளத்தில் நிற்பவனுக்கு வெளியே எதுவும் தெரியாது. ஆகவே எதிரிப்பக்கச் சுவரை ஒட்டி 2 செ.மீ. உயரத்தில் ஒரு படி வையுங்கள். ஏறி நின்று சுடுவதற்கான படி அது. பலர் இதைப் பின்சுவரில் வைத்துவிடுகிறார்கள். நடுவர் கண்ணில் முதலில் படுவதும் அதுதான்.

மணல்மூட்டைக்குக் காற்றில் உலரும் களிமண் வாங்குங்கள். கோதுமை மாவு வேண்டாம், பூச்சி வரும். ஒரு மூட்டை 1.7 × 0.8 × 0.4 செ.மீ. ஈரம் காயுமுன் காயத்துக்குக் கட்டும் காஸ் துணியை வைத்து அழுத்தினால் சாக்கு நெய்தல் பதியும். செங்கல் கட்டுவதுபோல மூட்டு மாற்றி அடுக்குங்கள், கட்டிய வாய் வெளியே தெரியக்கூடாது. இரண்டு குழிக்கும் சேர்த்து நூறு, நூற்றிருபது மூட்டை பிடிக்கும். முந்தின வாரமே உருட்டி வைத்தால் நல்லது. மழை நாளில் காயவே காயாது.

தரையில் மரச்சட்டப் பாதை: 6 செ.மீ. ஊதுபத்திக் குச்சி இரண்டு, குறுக்கே 2 செ.மீ. தீக்குச்சித் துண்டுகள். அதற்கு அடியில் நீர் தேங்குவதைக் காட்ட ஃபெவிகாலைத் தண்ணீர் கலந்து 2 மி.மீ. ஊற்றிக் காயவிட்டு, மேலே இன்னொரு முறை ஊற்றுங்கள். ஒரேயடியாக ஊற்றினால் வெள்ளையாகவே நின்றுவிடும்.

நிறத்தில்தான் பெங்களூருக்காரர்கள் ஏமாறுவது. வாசலில் கிடக்கும் செம்மண்ணைத் தூவாதீர்கள். பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் என்றால் சாம்பல் கலந்த களிமண், பிரான்சின் சோம் என்றால் வெள்ளைச் சுண்ணப்பாறை. சலித்த எம்-சாண்டில் போஸ்டர் கலர் கலந்தால் போதும். இந்த மண்தான் போரின் போக்கையே மாற்றியது. ஃபிளாண்டர்ஸில் கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர், அதனால் பல இடங்களில் தரைக்கு மேல் மூட்டைச் சுவர் எழுப்பினார்கள். சோமில் ஜெர்மானியர் பாறைக்குள் ஆழமாகக் குடைந்து பதுங்கியிருந்தார்கள். ஒரு வாரம் பீரங்கியால் அடித்தும் பலர் பிழைத்து மேலே வந்தார்கள். தாக்குதல் தொடங்கிய 1916 ஜூலை 1 அன்று ஒரே நாளில் பிரிட்டிஷ் தரப்பில் 19,240 பேர் செத்ததற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

முள்வேலியை மண்ணணையை ஒட்டி நடுவது தப்பு. கையெறி குண்டு எட்டாத தூரத்தில் அது இருக்கவேண்டும். முப்பது கஜம் (தொண்ணூறு அடி) என்றால்கூட இந்த அளவில் 90 செ.மீ., பலகையைத் தாண்டிவிடும். ஆகவே ஓரத்தில் ஒரு துண்டு வேலி மட்டும் வைத்து, நிஜத் தூரத்தைச் சீட்டில் எழுதுங்கள். பின்னால் சுமார் நூறு கஜத்தில் இரண்டாம் வரிசை, இன்னும் சில நூறு கஜம் தள்ளி மூன்றாவது, இடையே வளைந்து செல்லும் இணைப்புக் குழிகள் எல்லாம் சார்ட்டில்தான் அடங்கும். வேலிக்கம்பத்துக்குக் கட்டுக்கம்பியை ஊசிமேல் சுற்றித் திருகாணிபோல் ஆக்குங்கள். சம்மட்டி அடித்தால் இரவில் சத்தம் கேட்கும், குண்டு வரும். அதனால் திருகி இறக்கும் கம்பத்தைப் பயன்படுத்தினார்கள். கம்பிக்குப் பழைய மோட்டார் சுருள் போதும், எஸ்.பி. ரோட்டில் கிடைக்கும்.

வேலிக்கு அடியில் 5 செ.மீ. ஸ்ட்ரா துண்டுகளைக் கோத்து ஒரு குழாய் நுழைத்துவிடுங்கள். அது பெங்களூர் டார்பீடோ. 1912இல் இங்கிருந்த மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியியல் படைப்பிரிவின் கேப்டன் மெக்ளின்டாக் உருவாக்கியது. வெடிமருந்து அடைத்த குழாய்களை ஒன்றோடொன்று பொருத்தி, படுத்தபடியே வேலிக்கு அடியில் தள்ளி வெடிக்கச்செய்தால் ஆள் போக வழி திறக்கும். அந்தப் படைப்பிரிவின் தலைமையகம் இன்றும் அல்சூர் ஏரிப் பக்கம்தான் இருக்கிறது. கேள்வி கேட்க வரும் நடுவருக்கு முதலில் இதைக் காட்டச் சொல்லுங்கள்.