சிபிசி ரிப்போர்ட்டைப் படிப்பது எப்படி? மும்பை மழைக்காலத்துக்கு ஒரு செய்முறை

ஜூன் மாதம் மழை பிடித்துக்கொண்டால் போதும், தாராவி, சயான், மாட்டுங்கா பக்கத்து லேப்களில் கூட்டம் அம்மும். காய்ச்சல் இரண்டு நாளைத் தாண்டினாலே டாக்டர் எழுதித் தருவது சிபிசி, அதாவது ரத்த அணுக்களை எண்ணும் சோதனை. ரிப்போர்ட் வாட்ஸப்பில் வந்ததும் வீட்டில் எல்லாரும் கேட்பது ஒன்றே ஒன்று: "பிளேட்லெட் எவ்வளவு?" ரத்தம் உறைய உதவும் அந்தப் பிளேட்லெட்டைக் கடைசியில் பார்ப்போம். முதலில் மற்ற வரிகள்.

படி 1: குழாயில் இருப்பது என்ன?

உங்களிடம் எடுத்த ரத்தம் ஊதா மூடி போட்ட குழாயில் போகிறது. அதிலுள்ள ஈடிடிஏ என்ற ரசாயனம் ரத்தத்தை உறையவிடாது. அந்தக் குழாயை வேகமாகச் சுழற்றினால் ரத்தம் மூன்றாகப் பிரியும். மேலே வெளிர்மஞ்சளாக நிற்பது பிளாஸ்மா, ஏறக்குறைய 55 சதவீதம். அதில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். மிச்சம் அல்புமின் போன்ற புரதங்கள், உப்புகள், சர்க்கரை. அடியில் படிவது சிவப்பணுக்கள். இரண்டுக்கும் நடுவே மெல்லிய வெண்படலம் ஒன்று தெரியும். வெள்ளையணுக்களும் பிளேட்லெட்டுகளும் சேர்ந்தே அவ்வளவுதான், ஒரு சதவீதம்கூடத் தேறாது.

சிபிசி எண்ணுவது அணுக்களை மட்டும். ரத்தத்தில் பாதிக்கு மேல் இருக்கும் பிளாஸ்மாவுக்கு ரிப்போர்ட்டில் தனி வரியே கிடையாது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: அலகைப் பாருங்கள்

ஒரு லேப் பிளேட்லெட்டை 1,50,000 என்று அச்சிடும், இன்னொன்று ஆயிரக்கணக்கில் 150 என்று, வேறொன்று 1.5 லட்சம் என்று. மூன்றும் ஒன்றே. எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் அலகைப் பார்க்காமல் ஊருக்குப் போன் போட்டு அழ வேண்டாம்.

படி 3: சிவப்பு வரிகள்

ஹீமோகுளோபின் ஒரு டெசிலிட்டருக்கு ஆண்களுக்கு 13, பெண்களுக்கு 12, கர்ப்பிணிகளுக்கு 11 (நடு மூன்று மாதங்களில் 10.5) கிராமுக்குக் கீழே போனால் ரத்தசோகை என்கிறது உலக சுகாதார நிறுவனம். சிவப்பணுவுக்கு உட்கரு இல்லை. ஆயுள் சுமார் 120 நாள். அதன் சராசரிப் பருமனைச் சொல்வது எம்சிவி, 80 முதல் 100 வரை சரி. ஹீமோகுளோபினும் எம்சிவியும் சேர்ந்து குறைந்தால் இரும்புச்சத்துக் குறைவாக இருக்கலாம், தலசீமியா என்ற மரபுவழி ரத்தக் கோளாறாகவும் இருக்கலாம். எது என்று பார்க்காமல் நீங்களாக இரும்பு மாத்திரை வாங்கி விழுங்காதீர்கள்.

(ரத்த வகை சிபிசியில் வராது, அது தனிச் சோதனை. 1952-ல் டாக்டர் பெண்டே குழுவினர் கண்டறிந்த அரிய 'பம்பாய் ரத்த வகை' இந்த ஊரின் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. மேலோட்டமான சோதனையில் ஓ வகை போலத் தெரியும்; ஆனால் அவர்களுக்கு ஓ ரத்தம் ஏற்றினால் ஆபத்து.)

படி 4: வெள்ளை வரிகள்

வெள்ளையணுக்கள் மொத்தம் 4,000 முதல் 11,000 வரை. கீழே நியூட்ரோபில், லிம்போசைட், ஈசினோபில், மோனோசைட், பேசோபில் என்று அவற்றின் ஐந்து வகைகளுக்கான சதவீதங்கள். கூட்டினால் 100 வரும். அதனால் ஒன்று இறங்கினால் இன்னொன்று ஏறியதுபோலத் தெரியும்.

மொத்தம் 3,000, நியூட்ரோபில் 30, லிம்போசைட் 60 என்று வைத்துக்கொள்ளுங்கள். லிம்போசைட்டுக்குப் பக்கத்தில் 'அதிகம்' என்று குறி இருக்கும். பெருக்கிப் பாருங்கள்: லிம்போசைட் 1,800, வழக்கமான அளவுதான். நியூட்ரோபில்தான் 900-க்கு இறங்கியிருக்கிறது. டெங்குவில் வெள்ளையணுக்கள் இப்படிக் குறைவது சகஜம். பாக்டீரியா தொற்றில் பெரும்பாலும் மொத்தமும் நியூட்ரோபிலும் ஏறும். தேங்கிய மழைநீரில் நடந்தவர்களுக்கு வரும் எலிக்காய்ச்சலிலும் அப்படி ஏறலாம். ஆனால் சிபிசியை வைத்து எந்தக் காய்ச்சல் என்று முடிவு கட்ட முடியாது. மலேரியாவுக்கு ரத்தப் பூச்சுச் சோதனை, டெங்குவுக்கு என்எஸ்1 என்று தனித்தனியே உண்டு.

படி 5: பிளேட்லெட்டும் ஹெமட்டோகிரிட்டும்

பிளேட்லெட் 1.5 முதல் 4.5 லட்சம் வரை இருக்கலாம். எலும்பு மஜ்ஜையிலுள்ள பெரிய செல்களிலிருந்து உதிரும் துணுக்குகள் இவை. வாழ்நாள் பத்து நாளுக்குள். சிலருடைய ரத்தத்தில் ஈடிடிஏ பட்டதும் இவை ஒட்டிக்கொள்ளும். இயந்திரம் குறைவாக எண்ணிவிடும். காய்ச்சலும் இல்லை, ரத்தக்கசிவும் இல்லை, எண்ணிக்கை மட்டும் திடீரென்று பாதாளத்தில் என்றால், நுண்ணோக்கியில் பார்த்து உறுதிசெய்யச் சொல்லிக் கேளுங்கள்.

இப்போது ஹெமட்டோகிரிட் வரிக்கு வாருங்கள். சிவப்பணுக்கள் ரத்தத்தில் எத்தனை சதவீத இடத்தைப் பிடிக்கின்றன என்பது இது. பொதுவாக ஹீமோகுளோபினைப் போல மூன்று மடங்கு: 13 என்றால் 39 சுமாருக்கு. கடுமையான டெங்குவில் ரத்தக்குழாய்ச் சுவர் வழியாகப் பிளாஸ்மா கசிந்து வெளியேறும். சிவப்பணுக்கள் உள்ளேயே நிற்பதால் ஹெமட்டோகிரிட் ஏறும். முந்தாநாள் 38, இன்று 46 என்றால் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஏறிவிட்டது. பிளேட்லெட் 90,000 இருக்கிறதே என்று நிம்மதியாக உட்கார்ந்திருக்க முடியாது. பப்பாளி இலைச் சாறு பிழிந்துகொண்டிருக்கும் நேரமும் இதுவல்ல.

இந்தக் கசிவு பெரும்பாலும் காய்ச்சல் தணியும் சமயத்தில்தான் தொடங்கும். "ஜுரம் விட்டுவிட்டது, வேலைக்குப் போகலாம்" என்று கிளம்பும் நாளில். அப்போது விடாத வயிற்றுவலி, தொடர் வாந்தி, ஈறில் ரத்தம், சோர்வு, சிறுநீர் குறைவு என்று எது தெரிந்தாலும் ரிக்‌ஷா பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போங்கள். புது ரிப்போர்ட்டோடு பழையதையும் எடுத்துக்கொண்டு போங்கள். ஹெமட்டோகிரிட் எங்கிருந்து எங்கே ஏறியது என்பதை டாக்டர் பார்க்க வேண்டும்.