நெட் இல்லாத வகுப்பறைக்கு நாலு தளங்கள்

கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரத்துக்கு மேலே, ரப்பர் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கும் தொடக்கப் பள்ளியில் எனக்கு வேலை. இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழை பிடித்துவிட்டால் சிக்னல் வந்தால் வந்தது, இல்லையென்றால் இல்லை. அதனால் எந்தக் கல்வித் தளத்தையும் நான் ஒன்றே ஒன்று கேட்டுத்தான் எடுப்பேன்: வீட்டில் இறக்கி, பென் டிரைவில் போட்டு, மறுநாள் நெட் இல்லாமல் ஓட்டலாமா? ஆகாதென்றால் எவ்வளவு அழகான தளமும் நமக்கு வேண்டாம்.

முதலில் ஸ்டோரிவீவர், பிள்ளைகளுக்கான கதைத் தளம். பிரதம் புக்ஸ் பதிப்பகம் 2015இல் தொடங்கியது. தமிழைத் தேர்ந்தெடுத்து, அப்புறம் வாசிப்பு நிலையைத் தேர்ந்தெடுங்கள். நிலை 1 கதைகள் 250 வார்த்தைக்குள் அடங்கும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளையானாலும், எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறது என்றால் நிலை 1ஐயே கொடுங்கள். வகுப்பைப் பார்த்து நிலை 3ஐ நீட்டாதீர்கள். கணக்குத் தொடங்கிக்கொண்டு பிடிஎஃப்பாக இறக்கலாம். திறந்த உரிமம், ஆகவே பிரதி எடுத்துக் கொடுக்கத் தடையில்லை. நாம் ஜெராக்ஸ் கடையில் கறுப்பு வெள்ளையில்தான் எடுக்கப்போகிறோம். அடர்ந்த வண்ணப் படங்கள் எல்லாம் மை அப்பிக்கொண்டு வரும். கோட்டோவியம் உள்ள கதைகளாகப் பாருங்கள். சில மொழிபெயர்ப்புகள் கரடுமுரடு. வீட்டிலேயே ஒருதரம் சத்தமாக வாசித்துப் பார்த்துவிட்டு எடுத்துப் போங்கள்.

எனக்குப் பிடித்தது அரவிந்த் குப்தாவின் தளம். குப்பையில் போகிற பொருளில் விளையாட்டுச் சாமான் செய்யக் கற்றுத்தருபவர். 2018இல் பத்மஸ்ரீ பெற்றவர். தீக்குச்சியையும் சைக்கிள் வால்வு டியூபையும் வைத்து அவர் செய்யும் வடிவங்களில் இருந்து தொடங்குங்கள். குச்சியின் மருந்தை நீங்களே சுரண்டி எடுத்துவிட்டுக் கொடுக்க வேண்டும். டியூபைச் சிறு துண்டாக வெட்டி, அதில் குச்சிகளைச் செருகி ஒரு முக்கோணம், ஒரு சதுரம். சதுரத்தை விரலால் தள்ளினால் சாய்ந்துவிடும், முக்கோணம் அசையாது. ஓட்டுக்கூரையில் ஏன் அத்தனை முக்கோணம் என்று பிள்ளைகளே மேலே பார்ப்பார்கள். செலவு மிச்சம் என்று ஈர்க்குச்சியில் செய்யப் போகாதீர்கள்; ஒல்லி, டியூபில் நிற்காது.

பின்னத்துக்கு கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் (PhET) தளம். ஒவ்வொரு சிமுலேஷனும் (திரையில் நாமே மாற்றி மாற்றிப் பார்க்கும் மாதிரி) தனித்தனிக் கோப்பாக இறங்கும், பிரவுசரில் நெட் இல்லாமல் திறக்கும். பல தமிழிலேயே கிடைக்கின்றன. நாலைவிட எட்டு பெரிது, அதனால் கால் பாகத்தைவிட எட்டில் ஒன்று பெரிது என்று சாதிக்கும் பிள்ளை எல்லா வகுப்பிலும் உண்டு. அவனையே கூப்பிட்டு, திரையில் உள்ள கேக்கில் பகுதியை (பின்னத்தின் கீழ் எண்ணை) ஒவ்வொன்றாகக் கூட்டச் சொல்லுங்கள். எண் ஏற ஏறத் துண்டு சிறுத்துக்கொண்டே போவதை அவனே பார்த்துவிடுவான். நீங்கள் வாய் திறக்க வேண்டாம்.

தீக்‌ஷா அரசின் பாடச் செயலி, உங்களுக்குத் தெரிந்ததுதான். பாடப்புத்தகத்தில் உள்ள க்யூஆர் கோடை முந்தின இரவே ஸ்கேன் செய்து, காணொளியைச் செயலியில் இறக்கி வைத்துவிடுங்கள், சரியா.

பிள்ளைகளுக்கு வீட்டில் படிக்க அனுப்புவதென்றால் நேரம் முக்கியம். எங்கள் பக்கம் ரப்பர் பால் வெட்டப் போகிறவர்கள் விடியுமுன் போனோடு கிளம்பிவிடுவார்கள். மாலை ஆறுக்கு மேல், வாட்ஸ்அப்பில், கதையைப் பிடிஎஃப்பாகவே அனுப்புங்கள். லிங்க் அனுப்பினால் பிள்ளை போகிற வழியில் யூடியூபுக்குள் நுழைந்துவிடும்.