டர்போ லாரிக்கு இன்டர்கூலர்: எந்த இடத்தில் மாட்டுவது?

டர்போ எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி ஏற்றும், அதில் காற்று சூடாகும். அந்தக் காற்றைக் குளிர்விப்பதுதான் இன்டர்கூலர். இனி நேராக விஷயத்துக்கு வருகிறேன். என் டீசல் வண்டிக்கு மாட்டி ஓட்டிப் பார்த்த பிறகு எழுதுவது இது. சென்னையில் ஓடும் வண்டிக்கு, அது ஓடும் வேகத்தை வைத்து இடம் பார்க்காதீர்கள், நிற்கும் நேரத்தை வைத்துப் பாருங்கள். எண்ணூர், மணலி பக்கம் கன்டெய்னர் வரிசையில் ஊர்ந்து போகும்போது எதிர்க்காற்று எங்கிருந்து வரும்? மே மாதத்தில் வெளிக்காற்றே 40 டிகிரி.

பாரத்தோடு இழுக்கும்போது டர்போவிலிருந்து வரும் காற்று 150 டிகிரி வரைகூடப் போகும். அதை 60 டிகிரிக்கு இறக்கினால், அதே அழுத்தத்தில் அடர்த்தி சுமார் 27 சதவீதம் கூடும். இடத்துக்காக இவ்வளவு யோசிப்பது இதனால்தான்.

படி 1: ஆகாத இடங்களைக் கழியுங்கள்

எஞ்சினுக்கு மேலே வைப்பது பானெட் உள்ள பிக்கப்புக்குத்தான் சரிப்படும். பைப் குட்டையாக முடியும், உண்மைதான். ஆனால் சிக்னலில் நின்றதும் எஞ்சின் சூடு முழுக்க மேலேறி அதன்மேல்தான் அடிக்கும். கேபினுக்கு அடியில் எஞ்சின் இருக்கும் லாரியில் இந்தப் பேச்சே இல்லை. சேசிஸ் பக்கவாட்டில் வைத்தால் தனி மின்விசிறி வேண்டும், பைப் நீளும், மழைக்காலச் சேறு தகடுகளை அடைத்துவிடும். எனக்கு அதில் துளியும் விருப்பமில்லை.

மிஞ்சுவது ரேடியேட்டருக்கு முன்னால். வண்டி நின்றாலும் எஞ்சின் பேன் காற்றை இழுத்துக்கொண்டே இருக்கும்.

படி 2: காற்று எங்கே இழுக்கிறது என்று பாருங்கள்

எல்லாரும் தாண்டிப் போகும் படி இதுதான். ஒரு முழு செய்தித்தாளை எடுத்துக்கொள்ளுங்கள். எஞ்சினை நன்றாகச் சூடேற்றுங்கள். விஸ்கஸ் பேன் உள்ள வண்டியில் இது கட்டாயம், ஏனென்றால் சூடு ஏறாதவரை பேன் மெதுவாகச் சும்மா சுற்றும். பிறகு கிரில்லுக்கு வெளியே நின்று, தாளை ஒவ்வொரு இடமாகப் பிடியுங்கள். எங்கே ஒட்டிக்கொள்கிறதோ அங்கே காற்று போகிறது. தாள் தொங்கும் மூலைகளில் இன்டர்கூலரின் பெரும்பகுதி வரக்கூடாது. கையைக் கிரில்லுக்குள் விடாதீர்கள்.

இழுப்பு எங்கும் குறைவாக இருந்தால், பேன் ஷ்ரவுடு (பேனைச் சுற்றியிருக்கும் கூடு) உடைந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அதைச் சரிசெய்யாமல் இன்டர்கூலருக்குச் செலவழிப்பது வீண்.

படி 3: அளவு, இடைவெளி

தடிமனான கோர் (இன்டர்கூலரின் தகடுகள் உள்ள நடுப்பகுதி) வேண்டாம். அகலமும் உயரமும் கூடிய, மெல்லிய கோர்தான் என் தேர்வு. தடிமன் கூடினால் பின்னால் இருக்கும் ரேடியேட்டருக்குக் காற்று திணறும், எஞ்சின் சூடேறும். புதுப்பேட்டையில் பழைய இன்டர்கூலர் வாங்கினால் உள்ளே எண்ணெய்க் கசடு இருக்கிறதா என்று வாய் வழியாக டார்ச் அடித்துப் பாருங்கள். டர்போ சிதறிய வண்டியிலிருந்து கழற்றியது என்றால் உலோகத் துகள் உள்ளே தங்கியிருக்கும், நேராக எஞ்சினுக்குள் போய்விடும்.

இன்டர்கூலருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே ஓரங்களில் இருக்கும் சந்துகளை ஃபோம் பட்டையால் அடையுங்கள். காற்று சுலபமான வழியாகத்தான் போகும். சந்து இருந்தால் இன்டர்கூலரைச் சுற்றிக்கொண்டு போய்விடும். பிராக்கெட்டை ரப்பர் புஷ் வைத்து முடுக்குங்கள், ரேடியேட்டர் மேலேயே தொங்கவிடாதீர்கள்.

படி 4: பைப்

எஞ்சின் ஆடும், சேசிஸ் ஆடாது. நடுவில் சிலிக்கான் ஹோஸ் வேண்டும். ரேடியேட்டர் ஹோஸை வெட்டி அதற்குப் பதிலாக மாட்டாதீர்கள். கிளாம்ப் டி-போல்ட் வகைதான் (போல்ட் போட்டு முடுக்கும் அகலப் பட்டை), சாதாரண கிளிப் பூஸ்டில், அதாவது டர்போ ஏற்றும் காற்றழுத்தத்தில், நழுவும். ஹோஸ் கழலாமல் இருக்க, பைப் முனையில் சுற்றி மேடு எழுப்பச் சொல்லுங்கள். கடைசியில் பைப்புக்குள் காற்று ஏற்றி, சோப்புத் தண்ணீர் தெளித்துக் கசிவு பாருங்கள். வண்டியின் பூஸ்ட் அளவுக்கு மேல் காற்று ஏற்ற வேண்டாம்.

பிறகு சேர்த்தது: ஏசி வண்டிக்கு என்ன செய்வது என்று பலர் கேட்டிருந்தீர்கள். கண்டென்சர் (ஏசியின் சூட்டை வெளியேற்றுவது), இன்டர்கூலர், ரேடியேட்டர் மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தால் காற்று குறையும். அகலம் இருந்தால் முதல் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இடமில்லையென்றால் படி 2-ஐ மூன்றும் மாட்டிய பிறகு இன்னொரு முறை செய்யுங்கள்.

இன்னொன்று: கேபினை ஒருமுறை முழுக்கச் சாய்த்துப் பார்த்துவிட்டு கிளாம்பைக் கடைசியாக இறுக்குங்கள். ஹோஸ் எங்கே உரசும் என்பது அப்போதுதான் தெரியும். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு தயாரிப்பாளரின் விவரத்துக்கு மாறான மாற்றங்களைக் கட்டுப்படுத்துகிறது, அதனால் வேலை தொடங்கும் முன்பே ஆர்டிஓவில் கேட்டுவிடுங்கள்.